முப்பத்தொரு மழை எண்கள்

செம்பூரில் நான் வேலை பார்க்கும் சமையல்கூடத்திலிருந்து முப்பத்தொரு கேன்டீன்களுக்கு மதியச் சாப்பாடு போகிறது. குர்லாவில் சின்னப் பட்டறைகளும் சில அலுவலகங்களும், தாதரில் ஒரு நர்சிங் கல்லூரி, தேவ்நாரில் லாரிக்கு பாடி கட்டும் பெரிய ஒர்க்‌ஷாப் என்று பல மாதிரியான இடங்கள். அண்டாவில் வடித்து, டப்பாக்களில் அடைத்து, பதினொன்றரைக்குள் வண்டியில் ஏற்றிவிட வேண்டும். இதில் கரண்டி பிடிப்பது என் வேலை இல்லை. எந்த இடத்துக்கு எத்தனை சாப்பாடு என்று தாள் போடுவதுதான் என் வேலை. பதினொரு வருடமாக அதைத்தான் செய்கிறேன்.

நான் தாராவியில் பிறந்தவள். கல்யாணத்துக்குப் பிறகும் அங்கேதான், தொண்ணூறடி ரோட்டுப் பக்கம். கல்லூரியில் புள்ளியியல் படித்தேன். படித்ததற்கும் அதற்குப் பின் பார்த்த வேலைகளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இந்தச் சமையல்கூடத்தில் சேர்ந்தபோதுகூட அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் முதலாளி மாட்டுங்காவில் இருக்கிறவர். அறுபதைத் தாண்டியவர். வேலைக்காரர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் அவர் மாமி. திரும்பி வரும் டப்பாவில் சோறு மிஞ்சியிருந்தால் அவர் முகம் சுருங்கிவிடும். எங்காவது சாப்பாடு பற்றாமல் போய்விட்டால் அன்றைக்கு அவர் பக்கத்திலேயே போக முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடிக்கத்தான் மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு மராத்திக்காரரைப் பகுதி நேரமாக அமர்த்தினார். அவர் எங்கள் பழைய தாள்களை எல்லாம் கணினியில் ஏற்றி, ஆர் என்ற நிரல்மொழியில் ஒவ்வொரு கேன்டீனுக்கும் ஒரு மாடல் போட்டுக் கொடுத்தார். கிழமை, மழை, மறுநாள் லீவா, மாதக் கடைசியா என்பதை எல்லாம் வைத்து, இன்றைக்கு அந்த இடத்தில் எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று அந்த மாடல் சொல்லும்.

எனக்குப் பழைய படிப்பு கொஞ்சம் ஞாபகம் இருந்ததால் அவர் என்னையே பக்கத்தில் உட்காரவைத்து, மாதா மாதம் புதுக் கணக்கோடு மாடல்களை மறுபடி ஓட்டுவது எப்படி என்று காட்டினார். பிறகு புனேயில் வேலை கிடைத்துப் போய்விட்டார். மாடல்கள் மொத்தமும் என் தலையில் விழுந்தன. உள்ளுக்குள் சந்தோஷம்தான். வெளியில் மட்டும் சலித்துக்கொண்டேன்.

ஒரு மாடலுக்குள் ஏகப்பட்ட சரக்கு இருக்கும். மாடல் சொன்னதற்கும் நிஜமாக நடந்ததற்கும் உள்ள வித்தியாசங்கள், எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்பதற்கு ஒரு எண், அப்புறம் கிழமை, மழை என்று ஒவ்வொன்றும் எத்தனை சாப்பாட்டைக் கூட்டும், குறைக்கும் என்று சொல்லும் குணகங்கள். அந்தக் குணகங்களில்தான் எங்கள் கிச்சனுக்கு வேண்டியது இருந்தது. காலை ஆறு மணிக்கு மழை பெய்துகொண்டிருந்தால் அன்றைக்கு அந்த இடத்தில் எத்தனை சாப்பாடு குறையும் அல்லது கூடும் என்கிற ஒரே ஒரு எண். அதற்கு நாங்கள் வைத்த பெயர் மழை நம்பர். முப்பத்தொரு இடத்துக்கும் முப்பத்தொரு மழை நம்பர். அதை ஒரு தாளில் அச்செடுத்து, அரிசி ஊறவைக்கும் தொட்டிக்கு மேலே சுவரில் ஒட்டிவிடுவோம். கிச்சன் மேனேஜர் காலையில் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்ப்பார், பிறகு தாளைப் பார்ப்பார், பிறகு அரிசி அளப்பார்.

கிச்சன் மேனேஜர் தமிழ் முஸ்லிம். என் அப்பா அம்மாவின் ஊர்ப் பக்கம்தான், திருநெல்வேலிக்குத் தெற்கே. என்னைவிட மூன்று வயது இளையவர். எல்லோருக்கும் அவர் பாய். அவருக்கு நான் யக்கா.

முதல் வருட மழைக்காலம் முழுவதும் அந்த எண்களைக் கையால்தான் எடுத்தேன். ஒரு மாடலைத் திறந்தால் திரை நிறைய எண்கள் வந்து நிற்கும். அதில் மழை என்று எழுதியிருக்கும் வரியைத் தேடிப் பிடித்து, அதற்கு நேரே உள்ள எண்ணை நோட்டில் எழுத வேண்டும். அப்புறம் அடுத்த மாடல். இப்படியே கடைசி மாடல் வரை. நடுவில் வண்டிக்காரர் போன் செய்வார், மூடி பற்றவில்லை என்று யாராவது வந்து நிற்பார்கள். திரும்பி வந்தால் எந்த மாடலில் நிறுத்தினேன் என்று மறந்திருக்கும். ஒரு மாதத்துக்கு அரை நாள் இதற்கே போனது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வருடம் ஒரு எண்கூடத் தப்பாகவில்லை.

இரண்டாம் வருடம் மே மாதக் கடைசியில், பழைய கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது மராத்திக்காரர் எழுதிவைத்திருந்த ஒரு வரி கண்ணில் பட்டது. எல்லா மாடல்களிலிருந்தும், அது எவ்வளவு பொருந்துகிறது என்கிற எண்ணை மட்டும் மொத்தமாக எடுக்கும் வரி. இந்தப் பட்டியலில் இருக்கிற ஒவ்வொரு மாடலையும் எடு, அதற்குள் இதைத் திற, வருவதை வரிசையாக அடுக்கிக் கொடு. அவ்வளவுதான் அந்த வரியின் அர்த்தம். ஒரே வரி. முப்பத்தொன்றுக்கும் சேர்த்து.

நான் அந்த வரியை அப்படியே நகல் எடுத்து, உள்ளே மட்டும் மாற்றினேன். குணகங்களைத் திற. அதில் ஏழாவதைக் கொடு. முதல் மாடலைத் திறந்து பார்த்துத்தான் ஏழாவது என்று வைத்தேன். முதலில் திங்கட்கிழமைக்கான அடிப்படை எண், பிறகு செவ்வாய் முதல் சனி வரை ஐந்து, அதற்கு அடுத்தது மழை. பொத்தானைத் தட்டினேன். தட்டி விரலை எடுப்பதற்குள் முப்பத்தொரு எண்ணும் வந்து நின்றன.

 போன வருடம் எத்தனை அரை நாள் போனது என்று மனசுக்குள் கூட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். எழுந்து போய்ப் பாயிடம் சொன்னேன்.

“பாய், முடிஞ்சிட்டு.”

“என்னது?”

“இந்த மாசத்து மழை நம்பர்.”

“இப்பதான யக்கா போய் உக்காந்திய? டீயே இன்னும் வரல.”

ஒரு சின்ன தொந்தரவு இருந்தது. ஒவ்வொரு எண்ணோடும் ஒரு பெயர் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. முதல் கேன்டீன், புள்ளி, மழை. இரண்டாம் கேன்டீன், புள்ளி, மழை. இப்படி நீளமாக. மேலே இருந்த நாலைந்தைப் பார்த்தேன். எல்லாம் மழை என்றே இருந்தன. அச்செடுத்தால் தாளில் அசிங்கமாக இருக்குமே என்று பெயர்களை மொத்தமாக நீக்கிவிட்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டேன். கேன்டீன் பெயர்களைப் பக்கத்தில் நானே தட்டினேன். தாள் அழகாக வந்தது.

அந்தத் தாளில் நாலு எண்கள் பெரிதாக இருந்தன. குர்லாவில் உள்ள நாலு அலுவலகங்களுக்கு மழையன்று ஐம்பது, அறுபது சாப்பாடு குறையும் என்று காட்டியது. நான் பாயிடம் காட்டினேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை.

“ஆபீஸ்காரவ மழைன்னா வருவாவளா யக்கா? வீட்டுலயே லேப்டாப்பத் தொறந்து உக்காந்துருவாவ.”

எனக்கும் அது சரி என்றே பட்டது. போன வருட நோட்டு மேஜை டிராயரில்தான் இருந்தது. எடுத்து ஒத்துப் பார்த்திருக்கலாம். தோன்றவில்லை.

இன்னொரு எண்ணும் விசித்திரமாக இருந்தது. தேவ்நார் ஒர்க்‌ஷாப்புக்கு மழையன்று இருபத்தேழு சாப்பாடு கூடும் என்று வந்தது. மழையில் எல்லா இடத்திலும் ஆள் குறையும்போது இங்கே மட்டும் எப்படிக் கூடும்? அந்த ஒர்க்‌ஷாப் போன ஜூலையில்தான் எங்களிடம் சேர்ந்திருந்தது. நான் கையால் எடுத்த நாட்களில் அதற்குப் போதுமான கணக்கு இல்லாததால் தாளிலேயே சேர்க்கவில்லை. புது இடம், யாரோ தாளைத் தப்பாக ஏற்றியிருப்பார்கள் என்று நினைத்து, இருபத்தேழை அழித்துவிட்டுப் பூஜ்யம் போட்டேன்.

ஜூன் மாதம் பிறந்து முதல் நல்ல மழை ஒரு வியாழக்கிழமை வந்தது. விடியும்போதே பிடித்துக்கொண்டது. சயான் ஸ்டேஷனில் குடையை மடக்க இடமில்லாமல், குர்லாவில் வண்டி மாறி, நான் வந்து சேர்ந்தபோது ஒன்பதரை. பாய் ஆறு மணிக்கே தாளைப் பார்த்து அரிசி அளந்து முடித்திருந்தார். வண்டிகள் முன்னதாகவே கிளம்பின.

ஒன்றேகாலுக்கு முதல் போன் வந்தது. குர்லாவில் ஒரு அலுவலகம். சோறு தீர்ந்துவிட்டது, வரிசையில் இன்னும் ஆள் நிற்கிறது. அதை வைத்த இரண்டு நிமிடத்தில் அடுத்த போன். இன்னொரு அலுவலகம், அதே குர்லா. ஒன்றரைக்குள் ஐந்து இடத்திலிருந்து போன் வந்துவிட்டது. நாலு குர்லா அலுவலகங்கள், ஐந்தாவது தேவ்நார் ஒர்க்‌ஷாப்.

பாய் ஒரு நிமிடம்கூட யாரையும் திட்டவில்லை. திரும்பிப் பார்த்து, “ரவா எவ்வளவு கெடக்கு?” என்று கேட்டார். இரண்டு அண்டாவை மறுபடி அடுப்பில் ஏற்றி உப்புமா கிண்டினார்கள். கடலைப்பருப்பு தாளிக்கிற வாசனை கூடம் முழுக்க வந்தது.  வண்டி மழைத் தண்ணீரில் ஊர்ந்து போய்க் குர்லாவைச் சேர இரண்டே கால் ஆயிற்று. தேவ்நாருக்குப் போக இரண்டரை. அதற்குள் பாதிப் பேர் வெளியே போய் எதையோ தின்றுவிட்டார்கள்.

நான் கணினி முன்னால் போய் உட்கார்ந்தேன்.  குர்லாவின் ஒரு அலுவலக மாடலை, போன வருடம் செய்த மாதிரியே, தனியாகத் திறந்து பார்த்தேன். அடிப்படை எண், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, மழை. மழை ஆறாவதாக இருந்தது. அதன் எண் வெறும் குறை எட்டு. ஏழாவதாக இருந்தது லீவுக்கு முந்தின நாள். அதன் எண் குறை அறுபத்திரண்டு. தாளில் நான் அச்சடித்திருந்தது அந்த அறுபத்திரண்டைத்தான்.

அந்த நாலு அலுவலகங்களுக்கும் சனிக்கிழமை கிடையாது. வாரம் ஐந்து நாள்தான். சனி இல்லாததால் அதற்குக் குணகமும் இல்லை. அதற்குப் பின்னால் நின்ற எல்லாம் ஒரு இடம் முன்னால் வந்துவிட்டன. நான் எல்லோரிடமும் ஏழாவதைக் கேட்டேன். கணினியும் கேட்டதைக் கொடுத்தது. அது பெயரோடு சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறது. லீவுக்கு முந்தின நாள் என்று அங்கேயே எழுதியிருந்திருக்கும். அழகுக்காக அதை நீக்கியவள் நான்.

கழுவும் தொட்டிப் பக்கம் நின்றிருந்த பாயிடம் போய்ச் சொன்னேன்.

“பாய், நான்தான் தப்பா எடுத்துட்டேன். மழை நம்பர்னு லீவு நம்பர ஒட்டியிருக்கேன்.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டே முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “ஏழாவது ஆளு வாங்கன்னு கூப்பிட்டா, எவன் ஏழாவதா நிக்கானோ அவந்தான வருவான். அவன் மேல என்ன குத்தம்?” என்றார்.

“என் மேலதான் குத்தம்.”

“சரி, விடுங்க. இப்ப மாமிக்கிட்ட நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டுமா?”

நானே சொல்கிறேன் என்றேன். மாமி நாலு மணிக்கு மாட்டுங்காவிலிருந்து வந்தார். ஐந்து இடங்களிலிருந்தும் அவருக்கும் போன் போயிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபமாக இருக்கிற மாதிரிதான் இருந்தது. ஆனால் அவர் முதலில் கேட்டது வேறு.

“யாராவது பசியோட போனாளா?”

“உப்புமா போறதுக்குள்ள பாதிப் பேர் வெளியில சாப்பிட்டுட்டாங்க மாமி.”

“அவாளுக்கெல்லாம் நாளைக்கு ஒரு பாயசம் வெச்சு அனுப்பச் சொல்லு. சரி, இப்போ தப்பு எப்படி வந்துதுன்னு நேக்குப் புரியற மாதிரி சொல்லு.”

இரண்டு மாடல்களை அச்செடுத்து மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஆறு நாள் இடம் ஒன்று, ஐந்து நாள் இடம் ஒன்று. பென்சிலால் இரண்டிலும் ஏழாவது வரியைச் சுற்றிக் காட்டினேன். ஒன்றில் மழை, ஒன்றில் லீவு. மாமி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு விரலை வைத்து ஒவ்வொரு வரியாக எண்ணினார். ஒரு தடவை எண்ணிவிட்டு, நம்பாமல் மறுபடி எண்ணினார்.

“ஓ. சனிக்கிழமை ஒண்ணு கழண்டுடுத்து.”

“ஆமா மாமி.”

“சரி பண்ண முடியுமோல்லியோ?”

“முடியும்.”

“அப்போ பண்ணு.” எழுந்து போனவர் வாசலில் நின்று திரும்பிப் பார்த்து, “உப்புமால முந்திரி போட்டானா?” என்று பாயைப் பற்றிக் கேட்டார். போட்டார் என்றேன். நல்லது என்று போய்விட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும் முன் புனேக்குப் போன மராத்திக்காரருக்குப் போன் செய்தேன். இந்தியில்தான் பேசுவோம். நடந்ததைச் சொன்னதும் அவர், இடத்தை வைத்து எடுக்காதீர்கள், பெயரை வைத்து எடுங்கள் என்றார். ஏழு என்று எழுதியிருக்கும் இடத்தில் மழை என்ற பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டால் போதும். அது எத்தனையாவதாக நின்றாலும் தேடி எடுத்துக் கொடுத்துவிடும்.

“இவ்வளவுதானா?” என்றேன்.

“இவ்வளவுதான்.” பிறகு தயங்கி, அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். அவர் எங்களிடம் இருந்த காலத்தில் மழை நம்பரைக் கையால்தான் எழுதிக்கொண்டிருந்தாராம். கொஞ்ச இடம்தானே, நாளைக்கு அந்த வரியை எழுதிக்கொள்ளலாம் என்று நாளைக்கு நாளைக்கு என்றே தள்ளிப்போட்டு, கடைசியில் ஊரைவிட்டே போய்விட்டாராம். அதைக் கேட்டதும் எனக்கு மனசு பாதி லேசாகிவிட்டது.

மறுநாள் காலை வந்ததும் ஏழை அழித்துவிட்டு மழை என்று போட்டேன். இந்தத் தடவை பெயர்களை நீக்கவில்லை. முப்பத்தொன்றையும் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தேன். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் மழை இருந்தது. குர்லா அலுவலகங்களுக்குக் குறை எட்டு, குறை பதினொன்று என்று நியாயமான எண்கள் வந்திருந்தன. டிராயரிலிருந்து போன வருட நோட்டை எடுத்து ஒத்துப் பார்த்தேன். பெரும்பாலும் ஒன்றிரண்டு முன்பின்தான். ஒரே ஒரு இடத்தில் மட்டும் எண்ணே இல்லை. என்.ஏ. என்று நின்றது. முதல் தடவையும் அப்படித்தான் வந்தது, தாளில் அதைக் காலியாக விட்டிருந்தேன். போன நவம்பரில் சேர்ந்த கேன்டீன் அது. பாய் எட்டிப் பார்த்தார்.

“அது என்ன எழுத்து?”

“தெரியாதுன்னு அர்த்தம் பாய். இவங்க சேர்ந்த பிறகு மே கடைசி வரைக்கும் மழையே பெய்யல. அதனால மழை வந்தா என்ன ஆகும்னு அதுக்குத் தெரியல.”

“தெரியாதுன்னே சொல்லுதா?” அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. “நம்ம வண்டிக்காரவ ஒருத்தராவது இப்படிச் சொல்லியிருக்காவளா? வழி தெரியாட்டியும் தெரியும்னுதான் போவாவ.”

நாலு போனுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஐந்தாவது போன்தான் மீதி. தேவ்நார் ஒர்க்‌ஷாப்புக்குச் சனிக்கிழமை உண்டு. அங்கே மழை ஏழாவதாகத்தான் இருந்தது. இடத்தை வைத்து எடுத்தாலும் பெயரை வைத்து எடுத்தாலும் அதே கூட்டல் இருபத்தேழுதான் வந்தது. மாடலைத் தனியாகத் திறந்து பார்த்தாலும் அதேதான். அன்றைக்கு அங்கே எத்தனை சாப்பாடு பற்றவில்லை என்று பாயிடம் கேட்டேன். இருபத்தைந்தோ முப்பதோ என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. நாலு தப்பான எண்களுக்கு நாங்கள் இரண்டு பேருமாகக் காரணம் சொல்லி ஏற்றுக்கொண்டோம். சரியாக வந்த ஒன்றுக்குக் காரணம் தெரியவில்லை என்று நானே அழித்துப் பூஜ்யம் போட்டிருக்கிறேன்.

“போய்ப் பாத்துட்டு வந்துருவமா?” என்றார் பாய்.

அடுத்த வாரம் மழை பெய்த ஒரு நாள், இருபத்தேழைச் சேர்த்தே அனுப்பிவிட்டு, தேவ்நார் வண்டியிலேயே நாங்களும் ஏறிக்கொண்டோம். ஒர்க்‌ஷாப் வாசலில் பெரிய வாகை மரம் ஒன்று நின்றது. அதன் கீழே யாரும் இல்லை. உள்ளே கேன்டீன் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. நனைந்த சட்டைகளும் வெல்டிங் புகையும் சாம்பாரும் கலந்த ஒரு வாசனை. பாய் பரிமாறும் மேஜைக்குப் போய்விட்டார். நான் ஒரு ஓரமாகத் தட்டோடு உட்கார்ந்தேன். எதிரில் ஒரு அம்மா சேலைத் தலைப்பால் தலையைத் துவட்டிக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறவர் மாதிரி தெரியவில்லை. நான் வண்டிக்காரரிடம் தமிழில் ஏதோ சொன்னதைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார்.

“எந்த ஊரு தாயி?”

“தாராவிதான். அப்பா அம்மா திருநெல்வேலிப் பக்கம். நீங்க இங்க வேலை செய்றீங்களா?”

“வேலையா? நான் வெளிய அந்த மரத்தடியில சோத்துக் கடை போட்டிருக்கேன். புளிச்சாதம், எலுமிச்சாதம், அவிச்ச முட்ட. தினம் ஒரு முப்பது பேரு நம்மகிட்டதான் சாப்பிடுதாவ.”

“இன்னைக்கு?”

“மழையில எங்க போய் போட? மேல ஒரு தார்ப்பாய் கூடக் கெடையாது. எனக்கும் லீவு, அவியளுக்கும் வேற வழியில்ல. எல்லாரும் உள்ள வந்துருவாவ.” கையைக் காட்டிச் சிரித்தார். “நானும்தான். ஒரு நாளாவது அடுத்தவ ஆக்குனதத் திங்கலாம்னு.”

நான் எழுந்து போய்ப் பாயைக் கூட்டிவந்தேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். தான்தான் இந்தச் சாப்பாட்டை ஆக்குகிறவர் என்று சொன்னதும் அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“சோறு நல்லா இருக்கு தம்பி. புளிதான் கொஞ்சம் கம்மி.”

நாளைக்குக் கூட்டிருதேன் என்றார் பாய். திரும்பி வரும்போது வண்டியில் ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டே வந்தார். “இருபத்தேழுல ஒண்ணு அந்த அம்மா யக்கா” என்றார். முப்பது பேர் வழக்கமாக அவரிடம் சாப்பிடுகிறவர்கள், அதில் இரண்டு மூன்று பேர் மழையில் வேலைக்கு வர மாட்டார்கள், அந்த அம்மா ஒருவர் கூடுவார் என்று விரல் விட்டுக் கணக்குப் போட்டார். சரியாக வந்ததோ இல்லையோ, அவருக்குத் திருப்தி. எனக்கும்தான். அந்த எண்ணுக்குள் ஒரு மரமும் ஒரு கடையும் முப்பது பேரும் இருக்கிறார்கள் என்பது நேரில் போகாமல் எனக்குத் தெரிந்திருக்காது.

ஜூன் கடைசியில் புதுத் தாள் போட உட்கார்ந்தேன். மாடல்களை மறுபடி ஓட்டி, மழை எண்களை எடுத்து, பெயர்களைச் சரிபார்த்து, அச்செடுத்து ஒட்டி முடிக்க மொத்தம் இருபது நிமிடம். அதில் பாதி அச்சு இயந்திரத்தில் சிக்கிய தாளை இழுத்ததில் போனது. பாய் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்.

“இதே மாதிரி மாசக் கடைசி நம்பரும் எடுக்க முடியுமா?”

மழை என்று இருந்த இடத்தில் மாதக் கடைசி என்று மாற்றித் தட்டினேன். முப்பத்தொன்றும் வந்தன. அவர் ஒவ்வொன்றாகப் படித்து, “ஆமா, ஆமா, இவங்க அப்படித்தான்” என்று தலையாட்டிக்கொண்டே போனார். பத்து வருடமாக அவர் கையளவில் தெரிந்து வைத்திருந்தது பாதிக்கு மேல் அங்கே எண்ணாக நின்றது. சில இடங்களில் அவருக்கும் அதற்கும் ஒத்துப்போகவில்லை. அதை எழுதிக்கொண்டு போனார், போய்ப் பார்க்க.

எனக்கு மாதத்துக்கு அரை நாள் மிச்சமாயிற்று. அதை என்ன செய்வது என்று முதலில் தெரியவில்லை. வீட்டில் கணவரிடம் சொன்னபோது, “சீக்கிரம் வந்துரு, அவ்வளவுதான்” என்றார். ஒரு தடவை அப்படியும் வந்தேன். மூன்று மணிக்கு வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் பீரோவை அடுக்கினேன்.

பிறகு மாமியிடம் கேட்டேன். அந்த நேரத்தில் வண்டியோடு போய் ஒவ்வொரு கேன்டீனாகப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று. பதினொரு வருடமாகத் தாளில் ஒரு வரியாக மட்டுமே தெரிந்த இடங்கள். மாமி, “போ, போ. அப்படியே சாப்பிட்டுட்டு வா, நாம அனுப்பறது சூடா போய்ச் சேர்றதான்னு பாரு” என்றார்.

இதுவரை பதினான்கு இடம் பார்த்துவிட்டேன். போன வாரம் தாதர் நர்சிங் கல்லூரி. வெள்ளைச் சீருடையில் பெண்கள் வரிசையாக வந்து தட்டெடுத்தார்கள். நான் யார் என்று தெரியாமலே ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தியும் மலையாளமும் கலந்து, இங்கே சோறு பரவாயில்லை, சாம்பார்தான் புதன்கிழமை மட்டும் தண்ணீராக இருக்கிறது என்றாள். மற்ற நாளெல்லாம் நன்றாக இருக்கிறதாம். புதன்கிழமைக்கு என்ன வந்தது என்று அவளுக்கும் புரியவில்லையாம்.

என் மாடல் எதிலும் அதற்கு வரி இல்லை. திரும்பி வந்து பாயிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். புதன்கிழமை பருப்பு போடுகிற ஆள் வேறு என்று அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. அந்த ஆளைக் கூப்பிட்டு, அவர் மட்டும் தனியாக வைத்து அளக்கிற படியை வாங்கிப் பார்த்தார். அடிப்பகுதி உள்பக்கமாக நசுங்கிப்போயிருந்தது; ஒவ்வொரு படிக்கும் பருப்பு குறைந்திருக்கிறது. சுத்தியலை எடுத்து உள்ளிருந்து நாலு தட்டு தட்டிச் சரி பண்ணி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, தொட்டியில் ஊறிக்கொண்டிருந்த கடலையைப் பார்க்கப் போய்விட்டார்.